சேர்ந்த பிறகு என்ன மிஞ்சுகிறது?



வேலை முடிந்த களைப்போடு, வேதியியல் கேட்பதற்கென்று இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. அமிலம், காரம் என்று சொன்னவுடனே பத்தாம் வகுப்புப் பரீட்சை ஞாபகம் வந்து, பின்வரிசையில் இருவர் வாசலைப் பார்த்ததை நான் கவனித்தேன். கவலைப்படாதீர்கள். இங்கே கரும்பலகை இல்லை. சமன்பாடு எழுதப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். அமிலமும் காரமும் சேர்ந்த பிறகு என்ன மிஞ்சுகிறது?

உப்பும் நீரும் என்று சொல்லிவிடுவீர்கள். சரியான விடைதான், முழு மதிப்பெண் உண்டு. ஆனால் நம் மனதில் உண்மையில் பதிந்திருப்பது அந்த விடை அல்ல. இது கடிக்கும், அது அரிக்கும், இரண்டையும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். பற்றும் வரவும் சரியாகி மளிகைக் கடை ஏட்டில் பூஜ்யம் விழுந்துவிடும் என்பதுதான் பதிந்திருக்கிறது. அந்தப் பூஜ்யம் உண்மையா? அதைத்தான் இன்று உரசிப் பார்க்கப் போகிறோம்.

இந்த மேசையைப் பாருங்கள். வெள்ளைத் தட்டில் மஞ்சள் கரைத்த தண்ணீர். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பில் ஒரு துளி எடுத்து அதில் கலக்குகிறேன். சிவந்துவிட்டது. தாய்மார்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆலம் கரைக்காத வீடு எது? இப்போது இதே தட்டில் அரை மூடி எலுமிச்சையைப் பிழிகிறேன். விளிம்பிலிருந்து சிவப்பு கலைந்து வருகிறது, நடுவிலும் கலைகிறது. மறுபடியும் மஞ்சள். வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தி, சோப்புப் போட்டதும் கறை சிவப்பாகி உங்களைப் பதற வைத்திருக்குமே, அங்கே நடந்ததும் இதுதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தைக் கண்டால் சிவக்கும், அமிலம் வந்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும்.

சரி, மஞ்சள் திரும்பிவிட்டது. பழைய தண்ணீரும் திரும்பிவிட்டதா? இல்லை! எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்து கால்சியம் சிட்ரேட் என்ற உப்பாகி அதே தட்டில்தான் இருக்கிறது. நிறம் மட்டும் பார்த்தவர்கள் ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். நிறத்தை நம்பி ஆராய்ச்சி செய்தவர்களும் உண்டு. 1664-இல் ராபர்ட் பாயில் நிறங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வயலட் பூச்சாற்றில் அமிலம் பட்டால் சிவப்பு, காரம் பட்டால் பச்சை என்று அதில் எழுதி, இது எந்த வகை, அது எந்த வகை என்று பிரித்தறிய வழி காட்டினார். ஆக, நிறம் நல்ல சாட்சி. ஆனால் அது பாதிக் கதைதான் சொல்லும்.

அமிலம் என்றால் என்ன? தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் அயனியை விட்டுக்கொடுப்பது. காரம் என்றால்? அமிலத்தோடு சேர்ந்து அதை அடக்கி, உப்பும் நீரும் தருவது. எரிகாரம் என்றால்? நீரில் கரையக்கூடிய காரம். கரைந்து ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது. எரிகாரம் எல்லாம் காரம். காரம் எல்லாம் எரிகாரம் அல்ல. இந்த ஒரு வரியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டால் விழிப்பார்கள். ஏன் என்று நான் சொல்கிறேன்.

தெருவில் ஈயம் பூச வருபவரை இங்கே எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? நரைத்த தலைகள் எல்லாம் ஆடுகின்றன! மரத்தடியில் ஒரு சிறு குழி, அதில் கரி, பக்கத்தில் துருத்தி. பித்தளை அண்டாவைக் கவிழ்த்துச் சூடேற்றுவார். சூடேறிய உலோகத்தின் மேல் கறுப்பாக ஒரு படலம் இருக்கும். அது செப்பு ஆக்சைடு. அதன் மேல் ஈயம் ஒட்டவே ஒட்டாது. அப்போது அவர் ஒரு சிட்டிகை நவச்சாரப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும். மூக்கைப் பிடித்துக்கொண்டு நாம் ஓடுவோம். அவர் ஓடமாட்டார். வெள்ளீயத் துண்டால் ஒரு கோடு இழுத்து, பஞ்சால் சுற்றித் தேய்ப்பார். ஒரு நொடியில் அண்டாவின் உட்புறம் கண்ணாடி போலப் பளபளக்கும்.

அந்த ஒரு சிட்டிகையில் நடந்தது என்ன? நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. அம்மோனியா காரம், ஹைட்ரஜன் குளோரைடு அமிலம். அந்த அமிலம் செப்பு ஆக்சைடைத் தாக்கிக் கரைத்துவிடுகிறது, உலோகம் சுத்தமாகிறது, ஈயம் பற்றிக்கொள்கிறது. செப்பு ஆக்சைடு தண்ணீரில் கரையாது. அதனால் அது எரிகாரம் அல்ல. ஆனால் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகிறது, அதனால் அது காரம். பாடப்புத்தக வரி அந்த மரத்தடியில் நடந்துகொண்டிருந்தது! அந்த வெள்ளைப் புகை? சூட்டில் பிரிந்த இருவரும் மேலே குளிர்ந்த காற்றில் மறுபடி சந்தித்து, நவச்சாரமாகவே திரும்பியதுதான். கவனியுங்கள், அங்கே தண்ணீர் பிறக்கவில்லை. அமிலத்துக்கும் காரத்துக்கும் இடையே கைமாறுவது ஒரு புரோட்டான்தான், தண்ணீர் கட்டாயமில்லை என்று 1923-இல் டென்மார்க்கின் பிரான்ஸ்டெடும் இங்கிலாந்தின் லௌரியும் தனித்தனியே சொன்னார்கள். ஈயம் பூசுபவருக்கு அவர்கள் பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

களிம்பேறிய செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதுவும் இந்த வகைதான். புளியின் டார்டாரிக் அமிலம், குடத்தின் மேல் படிந்த ஆக்சைடு. தேய்த்த கையில் பச்சை நீலமாக வழிகிறதே, அதுதான் பிறந்த உப்பு. கழுவிக் கொட்டுங்கள், அந்தப் புளியை ரசத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது ஆய்வகத்துக்குள் போவோம். 36.5 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு கரைந்த ஒரு லிட்டர் கரைசல் இந்தப் பக்கம். 40 கிராம் காஸ்டிக் சோடா கரைந்த ஒரு லிட்டர் கரைசல் அந்தப் பக்கம். இரண்டையும் கலக்கிறேன். பிறப்பது 58.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 18 கிராம் தண்ணீர். வீட்டுக்குப் போய்க் கூட்டிப் பாருங்கள். 76.5 உள்ளே போனது, 76.5 வெளியே வந்தது. ஒரு துகள்கூட மறையவில்லை. இதில் பூஜ்யம் எங்கே இருக்கிறது?

கிராம் கணக்கு முடிந்தது. இன்னொன்று விட்டுப்போயிற்று. கலந்த பாத்திரத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். ஏறக்குறைய 57 கிலோஜூல் வெப்பம் வெளிவந்திருக்கிறது. இரண்டு லிட்டர் கரைசலும் கிட்டத்தட்ட 7 டிகிரி சூடேறியிருக்கும். அந்தக் காலத்து வேதியியலாளர்களைக் குழப்பிய விஷயம் இதில்தான் இருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதிலாக நைட்ரிக் அமிலம் எடுங்கள். காஸ்டிக் சோடாவுக்குப் பதிலாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு எடுங்கள். நீர்த்த கரைசலாக, இதே அளவில் கலந்தால் வெப்பம் எவ்வளவு? அதே 57! வேறு அமிலம், வேறு எரிகாரம், பிறக்கும் உப்பும் வேறு. வெப்பம் மட்டும் மாறவில்லை. ஏன்?

விடை ஸ்வீடனிலிருந்து வந்தது. 1884-இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஸ்வான்டே அரேனியஸ் என்ற இளைஞர் தன் ஆய்வேட்டைக் கொடுத்தார். உப்பும் அமிலமும் தண்ணீரில் கரைந்ததுமே மின்னூட்டமுள்ள துண்டுகளாகப் பிரிந்து கிடக்கின்றன என்பது அவர் வளர்த்தெடுத்த கருத்து. பேராசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. தேர்ச்சி பெற்றார் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஏதோ ஒரு தரம் போட்டுக் கொடுத்தார்கள். அதே கருத்துக்காக 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைத் திட்டும் பெற்றோர் யாராவது இங்கே இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அரேனியஸின் வழியில் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. காஸ்டிக் சோடாவில் இருந்த சோடியம் அயனி முன்பும் கரைந்து கிடந்தது, பின்பும் கரைந்து கிடக்கிறது. குளோரைடும் அப்படியே. அவை வினையில் கலந்துகொள்ளவே இல்லை, வேடிக்கை பார்த்தவை. உண்மையில் சேர்ந்தவை இரண்டுதான்: அமிலம் தந்த ஹைட்ரஜன் அயனி, எரிகாரம் தந்த ஹைட்ராக்சைடு அயனி. பிறந்தது தண்ணீர். எந்த வலிய அமிலமும் எந்த வலிய எரிகாரமும் கைகுலுக்கினாலும் நடப்பது அந்த ஒரே வினை. அதனால்தான் அதே வெப்பம்.

இந்த வெப்பத்தை மறந்தவர்கள் படும் பாட்டைச் சொல்லியாக வேண்டும். நான் சொன்ன 7 டிகிரி நீர்த்த கரைசலுக்கு. பத்து மடங்கு செறிவான கரைசல்களை அவசரப்பட்டுக் கலந்தால், பாத்திரம் கொதிநிலையை நெருங்கிவிடும், பொங்கித் தெறிக்கும். இப்போது யோசியுங்கள். ஒருவர் கையில் அமிலம் பட்டுவிட்டது. அமிலத்துக்கு மாற்று காரம்தானே என்று சுண்ணாம்பு நீரையோ காஸ்டிக் சோடாவையோ தேடி ஓடுவது அறிவுடைமையா? அமிலத்தில் வெந்த தோலுக்கு மேல் நீங்கள் வெப்பத்தையும் ஊற்றுகிறீர்கள். அளவு தப்பினால் எரிகாரப் புண்ணையும் சேர்த்துத் தருகிறீர்கள். செய்ய வேண்டியது ஒன்றுதான். நனைந்த உடையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடும் தண்ணீரில் காட்டுங்கள், இருபது நிமிடத்துக்குக் குறையாமல். பிறகு மருத்துவமனை. உலர்ந்த சுண்ணாம்புப் பொடியாக இருந்தால் முதலில் தட்டிவிட்டு, அப்புறம் தண்ணீர். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மாற்று என்று எதையும் புகட்டாதீர்கள்.

அமிலம்தான் பயங்கரம், காரம் பரவாயில்லை என்று நம்மூரில் ஒரு நினைப்பு இருக்கிறது. கண் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். அமிலம் திசுவின் புரதத்தை உறைய வைக்கும். உறைந்த படலமே ஓரளவு தடுப்பாக நிற்கும். எரிகாரம் அப்படி நிற்பதில்லை. கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டு உள்ளே உள்ளே இறங்கும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தை அமுக்கி விளையாடும் குழந்தையின் கண்ணில் அது பீய்ச்சிப் பார்வையே பறிபோன சம்பவங்கள் உண்டு. அந்தச் சின்னப் பொட்டலம் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது.

கழிப்பறை கழுவும் ஆசிட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டால் இரட்டிப்புச் சுத்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். வருவது குளோரின் வாயு. பூட்டிய குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். வேண்டாம் இந்த விஷப்பரீட்சை.

தேனீ கொட்டினால் சோடா மாவு, குளவி கொட்டினால் வினிகர் என்று பாடப்புத்தகங்களே சொல்லி வந்திருக்கின்றன. எனக்கு இதில் சம்மதமில்லை. தேனீ விஷத்தில் வலிக்கு முக்கியக் காரணம் மெலிட்டின் என்ற புரதப் பொருள். அது தோலுக்கு அடியில் இறங்கிவிட்டது. நீங்கள் தோலுக்கு மேல் சோடா மாவைத் தடவிக்கொண்டிருக்கிறீர்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடக்கும் நடுநிலையாக்கலுக்கு எளிய எடுத்துக்காட்டு வேண்டும் என்ற ஆசையில் நுழைந்த கதை இது.

நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? உங்கள் வயிற்றிலேயே இருக்கிறது. இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது மிகும்போது நெஞ்செரிச்சல். மருந்துக் கடையில் வாங்கும் அந்த வெள்ளை மருந்தில் என்ன இருக்கிறது? மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, அலுமினியம் ஹைட்ராக்சைடு. அமிலத்தை அடக்கக் காஸ்டிக் சோடாவும் காரம்தானே, அதைக் கொடுத்தால் என்ன? தொண்டையே வெந்துபோகும்! மருந்தில் இருப்பவை தண்ணீரில் கரையாத, அல்லது மிக மிகக் குறைவாகக் கரையும் காரங்கள். அவை தொண்டையைச் சுடாமல் இறங்குகின்றன. அமிலம் இருக்கும் இடத்தில், இருக்கும் அளவுக்கு வேலை செய்கின்றன. மிச்சம் சும்மா கிடக்கிறது. காரத்துக்கும் எரிகாரத்துக்கும் உள்ள வேறுபாடு ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லுங்கள். இங்கேயும் உப்பு மிஞ்சுகிறது என்பதை மறக்காதீர்கள். மெக்னீசியம் உப்பு பேதியாக்கும், அலுமினியம் மலச்சிக்கல் தரும். ஒன்றை ஒன்று சரிக்கட்டத்தான் இரண்டையும் ஒரே பாட்டிலில் சேர்த்தார்கள். ஆப்ப சோடா சாப்பிட்டாலோ, கரியமில வாயு கிளம்பி ஏப்பமாக வந்து, தான் வேலை செய்ததை ஊருக்கே அறிவிக்கும்.

தோப்புக்காரர்கள் யாராவது வந்திருக்கிறீர்களா? போர்டோ கலவை உங்களுக்குத் தெரியும். பிரான்ஸில் திராட்சைக் கொடிகளை அழித்த பூஞ்சாணத்துக்கு எதிராக மில்லர்டே என்ற தாவரவியலாளர் 1885-இல் வெளியிட்ட மருந்து அது. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். மயில்துத்தம் ஓர் உப்புதான், ஆனால் அதன் கரைசல் அமிலத்தன்மை உள்ளது. உப்பு என்றாலே நடுநிலை என்று நினைத்தால் தவறு. வலிய அமிலமும் மெலிந்த காரமும் பெற்ற உப்பு அமிலப் பக்கம் சாயும், மெலிந்த அமிலமும் வலிய எரிகாரமும் பெற்றது காரப் பக்கம் சாயும். மயில்துத்தக் கரைசலை அப்படியே தெளித்தால் இலை கருகும். சுண்ணாம்பு நீரில் அதை மெதுவாக ஊற்றிக் கலக்கும்போது, கரையாத செப்புக் காரமாக மாறி வானத்து நீலத்தில் ஒரு குழம்பு வருகிறது. இலையில் ஒட்டி நின்று கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பை விடுகிறது. சுண்ணாம்பு போதுமா என்று எப்படித் தெரியும்? நன்றாகத் தீட்டிய கத்தி முனையைக் கலவைக்குள் விட்டு எடுங்கள். முனையில் செந்நிறமாகச் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். பளபளப்பாக வந்தால் தெளிக்கலாம். இதைவிட மலிவான ஆய்வுக்கருவியை நான் பார்த்ததில்லை.

கடைசியாக, ஒரு சிறு தட்டில் நடந்ததை ஓர் ஆற்றில் வைத்துப் பார்ப்போம். திருப்பூருக்கு வாருங்கள். பருத்தித் துணியில் சாயம் பிடிக்கச் சாயத் தொட்டியில் உப்பு நிறையப் போடுவார்கள். சாயம் நூலோடு நிலைக்கச் சோடாவோ காஸ்டிக்கோ சேர்ப்பார்கள். வேலை முடிந்ததும் அந்தக் காரத்தை அடக்க அசிட்டிக் அமிலம். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இடத்தில் மறுபடி அமிலம், மறுபடி சுண்ணாம்பு. முடிவில், அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு 7. காகிதத்தில் பார்த்தால் நடுநிலை. குடத்தில் மொண்டு பார்த்தால் கரிக்கும். ஏன்? தொட்டியில் போட்ட உப்பும் போகவில்லை, ஒவ்வொரு முறை அடக்கும்போதும் பிறந்த உப்பும் போகவில்லை. தொட்டியில் போட்ட உப்புதான் கதையின் பெரும்பகுதி. ஆனால் நடுநிலையாக்கல் அதில் ஒரு கிராமைக்கூடக் குறைக்கவில்லை, கூட்டத்தான் கூட்டியது.

அந்தத் தண்ணீர் நொய்யலில் போயிற்று. பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிற்று. அணைக்குத் தண்ணீர் வேண்டும் என்று போராடுகிற விவசாயிகளைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே கீழ்மடை விவசாயிகள் அணையைத் திறக்காதே என்று போராடினார்கள்! கிணறு உப்பானது, நிலம் உப்பானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

உப்பை நீரிலிருந்து பிரிப்பது அவ்வளவு சிரமமா என்று கேட்பீர்கள். சவ்வு வழியே அழுத்திப் பிழிய வேண்டும். மிஞ்சியதைக் கொதிக்க வைத்து ஆவியாக்க வேண்டும். எல்லாம் மின்சாரம், விறகு, பணம். அந்த உப்பை மறுபடி எரிகாரமாக்க வேண்டுமானால் செலவு இன்னும் ஒரு படி மேலே. தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலும் மேட்டூரிலும் காஸ்டிக் சோடா ஆலைகள் அதைத்தான் செய்கின்றன. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி ஒரு பக்கம் காஸ்டிக் சோடா, மறுபக்கம் குளோரின், கூடவே ஹைட்ரஜன். அந்தக் குளோரினையும் ஹைட்ரஜனையும் எரித்துச் சேர்த்துத் தண்ணீரில் கரைத்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஆய்வகத்தில் நாம் கலந்த இருவரும் மறுபடி தனித்தனியாக நிற்கிறார்கள். சேர்ந்தபோது வெளியே போன வெப்பத்தை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கட்டிய பிறகுதான் அவர்கள் பிரிந்தார்கள்.

ஆகவே நண்பர்களே, உங்கள் ஊர் ஓடையில் கழிவு விடும் ஆலை எதுவாக இருந்தாலும், பி.எச். 5.5-க்கும் 9-க்கும் நடுவில் இருக்கிறது, விதிப்படிதான் விடுகிறோம் என்று அறிக்கையைக் காட்டுவார்கள். வாங்கிப் பாருங்கள். அதே தாளில் கொஞ்சம் கீழே, கரைந்த திடப்பொருள், டி.டி.எஸ். என்று இன்னொரு வரி இருக்கும். தமிழ்நாட்டில் அதற்கு வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். அந்த வரியில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். எழுதியிருக்கவில்லை என்றால், ஏன் என்று கேளுங்கள்.